பாக்கெட் ஏன் அந்த வழியில் போனது? ரூட்டரிடம் கேட்க வேண்டிய வரிசை

"ஏனுங்ணா, திருப்பூருக்கு நேரா லைன் இருக்கு. அதை விட்டுட்டு எதுக்கு ஈரோடு சுத்திப் போகுது?" எங்கள் மில் குரூப்பின் ஐடி பிரிவில் புதிதாகச் சேரும் பசங்க யாராக இருந்தாலும் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். கோவையில் ஹெட் ஆபீஸ், திருப்பூரிலும் ஈரோட்டிலும் யூனிட்டுகள், மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் லீஸ்டு லைன்கள் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்தவை), வெளியே போக இரண்டு ஐஎஸ்பி (இணைய இணைப்பு தரும் நிறுவனம்). பெரிய நெட்வொர்க் ஒன்றும் இல்லை. ஆனாலும் ரூட்டர் வழி பிடிக்கும் விதத்தில் உள்ள கோணல்கள் பெரும்பாலும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

ரூட்டர் எது கிட்டம், எது வேகம் என்றெல்லாம் யோசிப்பதில்லை. பாக்கெட் (அனுப்பும் தரவின் ஒரு சிறு துண்டு) போய்ச் சேரும் வரைக்குமான முழு வழியை அது தீர்மானிப்பதும் இல்லை. நாற்சந்தியில் நிற்பவரிடம் வழி கேட்டால் "அடுத்த சந்தியில போய்க் கேட்டுக்குங்க" என்று கை காட்டுவாரே, அந்த அளவுக்குத்தான் அதன் பொறுப்பு. அடுத்து எந்த ரூட்டர் கையில் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்கிறது. அந்த முடிவை எடுக்க மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டுக்கொள்கிறது. வழிகளை எழுதிவைத்திருக்கும் ரூட்டிங் டேபிளில் எந்த வரி மிக நெருக்கமாகப் பொருந்துகிறது? ஒரே வரியை இரண்டு பேர் வந்து சொன்னால் யாரை நம்புவது? ஒரே ஆள் இரண்டு வழி சொன்னால் எதற்குச் செலவு குறைவு? வேகத்தைப் பற்றிய பேச்சு மூன்றாவது கேள்வியில்தான் வருகிறது, அதுவும் அரைகுறையாக.

நீங்களும் இதே வரிசையில் தேடுங்கள். நேராக மூன்றாவதில் போய் விழுந்து மெட்ரிக்கை, அதாவது அந்தச் செலவு எண்ணை, மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள்தான் ராத்திரி வீட்டுக்குப் போவதில்லை.

டேபிளைத் திறப்பது

பழக உங்கள் லேப்டாப்பே போதும். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் "ரூட் பிரிண்ட்", லினக்ஸ் என்றால் "ஐபி ரூட்". ஒவ்வொரு வரியிலும் எந்த முகவரிகளுக்கு, எந்த கேட்வே (அடுத்த ரூட்டர்) வழியாக, எந்த இண்டர்ஃபேஸில் (போர்ட்டில்), என்ன மெட்ரிக் என்று இருக்கும். விண்டோஸில் 0.0.0.0 என்றும் லினக்ஸில் டீஃபால்ட் என்றும் தொடங்கும் வரி டீஃபால்ட் ரூட். வேறு எதிலும் பொருந்தாததெல்லாம் அதில் போகும். லேன் கேபிளும் வைஃபையும் சேர்ந்து இருந்தால் அந்த வரி இரண்டு தடவை தெரியும். மெட்ரிக் குறைந்ததுதான் ஜெயிக்கும். விண்டோஸ் இந்த மெட்ரிக்கை இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்கிறது.

லினக்ஸில் இன்னொரு நல்ல வசதி உண்டு. "ஐபி ரூட் கெட்" என்று அடித்து ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரிக்கு இப்போது எந்த வரியைப் பிடிப்பேன் என்று நேரடியாகச் சொல்லிவிடும். சிஸ்கோ ரூட்டரில் "ஷோ ஐபி ரூட்" அடித்துப் பின்னால் முகவரியைக் கொடுக்க வேண்டும். முழு டேபிளையும் கொட்டவிட்டுக் கண்ணால் தேடுவதை முதலில் விடுங்கள். நம் கண் முதலில் பொருந்தும் வரியில் நின்றுவிடும், ரூட்டர் அங்கே நிற்காது.

எது நெருக்கமாகப் பொருந்துகிறது?

எங்கள் கோவை ரூட்டரிலிருந்து மூன்று வரிகளை எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண், முகவரியின் தொடக்கத்திலிருந்து எத்தனை பிட் ஒத்துப்போக வேண்டும் என்பது.

0.0.0.0/0 ஐஎஸ்பி வழியாக.
10.30.0.0/16 திருப்பூர் நேர் லைன் வழியாக.
10.30.8.0/24 ஈரோடு வழியாக.

10.30.8.25 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட் வருகிறது. மூன்று வரியுமே அதற்குப் பொருந்தும். கடைசி வரி 24 பிட் வரை ஒத்துப்போகிறது, நடு வரி 16 பிட், முதல் வரி பூஜ்யம். அதிக பிட் பொருந்துவதே எடுபடும். ஆகவே பாக்கெட் ஈரோட்டுக்குப் போகிறது. திருப்பூர் லைன் காலியாகக் கிடந்தாலும் சரி, அதன் மெட்ரிக் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சே எழாது. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக வரி குறிக்கும் வட்டாரம் சிறிதாகிறது. சின்ன வட்டாரத்தைச் சொல்லும் வரிக்குத்தான் முதல் மரியாதை.

மேலே உள்ள 8.0 என்பது திருப்பூர் யூனிட்டின் சிசிடிவி கேமராக்கள். அவை நேர் லைனை அடைத்துக்கொண்டதால் வேண்டுமென்றே ஈரோடு வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறோம். பில் போடும் சாஃப்ட்வேர் இருக்கும் 10.30.1.0 பகுதி அப்போது நேர் லைனிலேயே போனது. ஈரோட்டு லைன் அறுந்து அந்த 24 வரி டேபிளிலிருந்து போய்விட்டால், கேமரா பாக்கெட்டும் தானாக 16 வரிக்கு வந்துவிடும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இதிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. யாரோ 10.31.0.5 என்று தப்பாக அடித்தால் எந்த உள் வரியும் பொருந்தாது. பாக்கெட் டீஃபால்ட்டைப் பிடித்து ஐஎஸ்பி பக்கம் போய்ச் சாகும். அதனால் 10.0.0.0/8 முழுவதற்கும் "நல்" இண்டர்ஃபேஸை (வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும் வெற்று இண்டர்ஃபேஸ்) காட்டி ஒரு ரூட் போட்டுவையுங்கள். நமக்குத் தெரியாத உள் முகவரிகள் அங்கேயே விழுந்துவிடும். தெரிந்தவை அதைவிட நீளமாகப் பொருந்துவதால் அவற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

விபிஎன் போடும்போது லேப்டாப் டேபிளைப் பாருங்கள், அங்கேயும் இதே வித்தைதான். ஓபன்விபிஎன் பெரும்பாலும் பழைய டீஃபால்ட்டை அழிப்பதில்லை. 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று உலகத்தை இரண்டு பாதியாக வெட்டி இரண்டு வரி சேர்க்கும். ஒரு பிட் பொருந்துவது பூஜ்யம் பிட் பொருந்துவதை வென்றுவிடுகிறது. விபிஎன்னை நிறுத்தியதும் இரண்டு வரியும் போய்விடும், பழைய வழி அப்படியே இருக்கும். யோசித்தவர் கெட்டிக்காரர்.

இந்த விதியின் வலிமையை உலகமே பார்த்த நாள் 2008 பிப்ரவரி 24. யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்று 1,024 முகவரிகளை ஒரே துண்டாக இணையத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு வர, பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் இருக்கும் 208.65.153.0/24 தன்னிடம் இருப்பதாக ஒரு வரி போட்டது. அது நாட்டுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டிய வரி. வெளியே கசிந்தது. அதற்கு மேலிருந்து இணைப்பு தந்த பிசிசிடபிள்யூ என்ற நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் உலகத்துக்குப் பரப்பிவிட்டது. 22-ஐ விட 24 நீளம். அமெரிக்காவில் யூடியூபுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ரூட்டராக இருந்தாலும் அது இஸ்லாமாபாத் பக்கம்தான் கை காட்டியிருக்கும்.

உலக நேரம் 18:47-க்கு ஆரம்பித்தது. 20:07-க்கு யூடியூப் தானும் அதே 24-ஐ அறிவித்தது. இப்போது நீளம் சமம், அதனால் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்றானது. 20:18-க்கு அதையும் இரண்டாக வெட்டி 25 என்று அறிவித்தது. 24-ஐ விட நீளமானதைப் பல நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை என்பதால் அதில் ஓரளவுதான் பலன். 21:01-க்கு பிசிசிடபிள்யூ தப்பு அறிவிப்பை வாங்க மறுத்த பிறகுதான் விஷயம் அடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இத்தனைக்கும் எந்த ரூட்டரும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்துகொண்டன.

யாரை நம்புவது?

நீளம் சமமாக இருக்கிறது, வரி வந்த இடம் வேறு. ஒன்று நாம் கையால் எழுதிய ஸ்டாட்டிக். இன்னொன்று, ரூட்டர்கள் தங்களுக்குள் வழி பேசிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை வழியாகப் பக்கத்து ரூட்டர் சொன்னது. இரண்டின் மெட்ரிக்கையும் ஒப்பிட முடியாது, அளவுகோலே வேறு. அதனால் ஒவ்வொரு மூலத்துக்கும் நம்பிக்கை எண் ஒன்று வைத்திருக்கிறார்கள், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்று பெயர். எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். (பிஜிபியும் ரிப்பும் ஓஎஸ்பிஎஃப் போலவே வழி பேசும் வேறு நெறிமுறைகள், கீழே வரும்.) சிஸ்கோவில் நேரடியாகச் செருகிய நெட்வொர்க் 0, ஸ்டாட்டிக் 1, வெளியிலிருந்து வரும் பிஜிபி 20, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, உள் பிஜிபி 200. மைக்ரோட்டிக்கிலும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜூனிப்பருக்கு வேறு எண்கள்: ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் 10, பிஜிபி 170. இரண்டு கம்பெனி ரூட்டர்களைக் கலந்து வைத்திருப்பவர்கள் இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒரு ரூட் பிஜிபியிலும் உள்ளேயிருந்து அதுவே ஓஎஸ்பிஎஃப்பிலும் வந்தால், சிஸ்கோ பிஜிபியை நம்பும், ஜூனிப்பர் ஓஎஸ்பிஎஃப்பை நம்பும். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் தள்ளிப் பாக்கெட் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒன்று போதும்.

அந்த எண்ணை டேபிளிலேயே பார்க்கலாம். சிஸ்கோவில் ஒரு வரி இப்படி இருக்கும்: ஓ 10.30.1.0/24 [110/30] வயா 10.255.1.2. முதல் எழுத்து மூலத்தைச் சொல்கிறது; ஓஎஸ்பிஎஃப் என்பதால் ஓ. ஸ்டாட்டிக்குக்கு எஸ், நேரடிக்கு சி, பிஜிபிக்கு பி. சதுர அடைப்புக்குள் முதல் எண் நம்பிக்கை, இரண்டாவது மெட்ரிக். "ஏன் இந்த வழி" என்ற கேள்வி வந்தால் முதலில் இந்த முதல் எழுத்தைப் பார்ப்பேன். எஸ் என்று இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

காரணம் இதுதான். எப்போதோ ஓர் அவசரத்தில், லைன் அறுந்த நேரத்தில், யாரோ ஒரு ஸ்டாட்டிக் போட்டிருப்பார்கள். ஒரு தடவை லைன் எடுத்த கம்பெனியின் ஆள் வந்து திருப்பூருக்கு ஸ்டாட்டிக் போட்டுவிட்டு, "சார், இது டெம்பரரிதான்" என்று சொல்லிப் போனார். லைன் சரியானது. ஓஎஸ்பிஎஃப் ஒழுங்காக 110 என்று வந்து நின்றது. 1 முன்னால் நிற்கும்போது 110-ஐ யார் மதிப்பார்கள்? மாதக்கணக்கில் திருப்பூர் போக்குவரத்து முழுவதும் ஈரோடு சுற்றியது. கேட்டபோது "எங்க பக்கம் எல்லாம் அப் சார்" என்றார்கள். அதென்னவோ உண்மைதான்.

ஸ்டாட்டிக்கில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அது எதிர்ப்பக்கம் செத்ததை அறியாது. லீஸ்டு லைன் பெரும்பாலும் ரூட்டரில் நேராக வந்து செருகப்படுவதில்லை; நடுவில் ஒரு ஃபைபர் மீடியா கன்வெர்ட்டர் இருக்கும். அவிநாசி ரோட்டில் ஜேசிபி கேபிளை அறுக்கிறது. ஃபைபர் பக்கத்து விளக்கு அணைகிறது. கன்வெர்ட்டரிலிருந்து ரூட்டருக்கு வரும் காப்பர் கேபிளுக்கு அது தெரியாது; அந்தப் பக்கத்து பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. ரூட்டருக்கு போர்ட் அப், அதனால் ரூட்டும் அப். பாக்கெட் எல்லாம் அந்த டப்பா வரைக்கும் போய்க் காணாமல் போகும். ரேக்குக்கு முன்னால் நிற்கும்போது கன்வெர்ட்டரில் இரண்டு பக்கத்து விளக்கையும் பாருங்கள், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "லைட் எரியுதுங்க" என்று போனில் சொல்லாதீர்கள்.

இதற்கு மருந்து, ஸ்டாட்டிக்கோடு ஒரு பிங் சோதனையை (எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று கேட்பது) கட்டிவைப்பது. சிஸ்கோவில் ஐபி எஸ்எல்ஏ என்ற வசதியை வைத்து ட்ராக் செய்ய வேண்டும். மைக்ரோட்டிக்கில் செக் கேட்வே என்று ஒரு தேர்வு உண்டு. ஆனால் அது கேட்வேயை மட்டும்தான் பிங் செய்யும். ஐஎஸ்பியின் கேட்வே உயிரோடு இருந்து அதற்கு அப்பால் செத்திருந்தால் கண்டுபிடிக்காது. அதற்கு 8.8.8.8 போன்ற தூரத்து முகவரி ஒன்றை அந்த லைன் வழியாக மட்டும் போகும்படி ஒரு ரூட் போட்டு, டீஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக அந்த முகவரியையே கொடுத்து, அதைப் பிங் செய்யச் சொல்ல வேண்டும். முதல் தடவை எழுதும்போது தலை சுற்றும். ஒருமுறை போட்டுவிட்டால் நிம்மதி. இரண்டாவது லைனுக்கு வேறொரு முகவரியைக் கொடுங்கள்.

அப்புறம், ஸ்டாட்டிக்கை மாற்றுவழியாக மட்டும் வைக்க விரும்பினால் அதற்கு 250 என்று பெரிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஓஎஸ்பிஎஃப் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும். ஓஎஸ்பிஎஃப் போனதும் தானே வந்து உட்காரும்.

செலவுக் கணக்கு

நீளம் சமம், மூலமும் ஒன்று. இப்போதுதான் மெட்ரிக்.

ரிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் எத்தனை ரூட்டர் என்று மட்டும் எண்ணும். 15-க்கு மேல் போனால் வழியே இல்லை என்று அர்த்தம். 2 எம்பிபிஎஸ் லைன் ஒன்றா, ஜிகாபிட் லைன் இரண்டா என்று கேட்டால் ஒன்றைத்தான் பிடிக்கும். பழைய இடங்களில் இருந்தால் இருக்கட்டும், புதிதாகப் போடாதீர்கள்.

ஓஎஸ்பிஎஃப் அப்படி இல்லை. வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் தன் இணைப்புகளையும் அவற்றின் செலவையும் எல்லோருக்கும் சொல்லிவிடும். அதை வைத்து ஒவ்வொன்றும் தன்னிடம் முழு வரைபடத்தை வைத்துக்கொண்டு, குறைந்த செலவு வழியைத் தானே கணக்குப் போடும். அந்தக் கணக்கு கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ராவுடையது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து, பேப்பர் பேனா இல்லாமல் 20 நிமிஷத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார், 1959-இல் வெளியிட்டார். கணக்கில் குறை சொல்ல முடியாது. நாம் உள்ளே கொடுக்கும் செலவில்தான் கோளாறு.

சிஸ்கோவில் செலவு என்பது 100 எம்பிபிஎஸ்ஸை இண்டர்ஃபேஸின் வேகத்தால் வகுத்தால் வருவது. 100 எம்பிபிஎஸ் லைனுக்கு 1. ஜிகாபிட்டுக்கு 0.1 என்று வர வேண்டும், ஆனால் 1-க்குக் கீழே இறங்காது. ஆக அதற்கும் 1, பத்து ஜிகாபிட்டுக்கும் 1. எங்கள் முக்கோணத்தில் போட்டுப் பாருங்கள். கோவை-திருப்பூர் நேர் லைன் 100 எம்பிபிஎஸ். கோவை-ஈரோடு, ஈரோடு-திருப்பூர் இரண்டும் ஜிகாபிட். திருப்பூர் ஆபீஸ் லேன் இண்டர்ஃபேஸுக்கும் ஒரு செலவு சேரும். நேர் வழி 1+1=2. ஈரோடு வழி 1+1+1=3. மெதுவான லைன் ஜெயித்துவிட்டது, பத்து மடங்கு வேகமானது சும்மா கிடக்கிறது.

வகுபடும் அந்த 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் என்று பெயர். அதை 10,000 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். 100 எம்பிபிஎஸ்ஸின் செலவு 100 ஆகிறது, ஜிகாபிட்டின் செலவு 10. நேர் வழி 100+10=110, ஈரோடு வழி 10+10+10=30. மேலே காட்டிய [110/30] என்பது இங்கிருந்து வந்ததுதான். ஆக, புதுப் பையன் கேட்ட கேள்விக்கு விடை: ஈரோடு சுற்றினால் கிலோமீட்டர் கூடும், ஆனால் லைன் பெரிது, நாங்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம். மேலே சொன்ன பில் சாஃப்ட்வேர் நேர் லைனில் போனதும் அந்த டெம்பரரி ஸ்டாட்டிக் கதையும் இந்தக் கணக்குக்கு முந்தையவை. ரெஃபரன்ஸை மாற்றினால் எல்லா ரூட்டரிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றில் பழையதும் ஒன்றில் புதியதும் இருந்தால் போகும் வழியும் வரும் வழியும் வேறு வேறாகும்.

இன்னொரு கண்ணி. ஐஎஸ்பி உங்களுக்கு விற்றது 20 எம்பிபிஎஸ். கொண்டுவந்து செருகியது ஜிகாபிட் போர்ட்டில். ரூட்டருக்குத் தெரிந்தது போர்ட்டின் வேகம் மட்டும்; நீங்கள் எவ்வளவுக்குக் காசு கட்டுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே லீஸ்டு லைன் வரும் ஒவ்வொரு இண்டர்ஃபேஸிலும் ஓஎஸ்பிஎஃப் செலவைக் கையால் எழுதிவிடுங்கள். தானாகக் கணக்கிடுவதை நான் நம்புவதே இல்லை.

அந்த நேரத்தில் எந்த லைன் காலி என்று பார்த்துப் போனால் என்ன என்று தோன்றும். இதை இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். 1979-இல் ஒவ்வொரு இணைப்பிலும் தாமதத்தை அளந்து வழி மாற்றும்படி வைத்தார்கள். நெரிசல் கூடிய நேரத்தில் எல்லாப் பாக்கெட்டும் காலி லைனுக்குத் தாவும். உடனே அது நிறைந்து பழையது காலியாகும். திரும்ப எல்லாம் அங்கே தாவும். 1987-இல் மெட்ரிக் இவ்வளவு துள்ளாதபடி திருத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஓஎஸ்பிஎஃப் நெரிசலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அறியாமையால் அல்ல.

செலவும் சமமாக இருந்தால் இரண்டு வழியையும் பயன்படுத்தும். ஆனால் ஒரு டவுன்லோடை இரண்டாகப் பிரிக்காது. அனுப்புபவர், பெறுபவர் முகவரியையும், ரூட்டரைப் பொறுத்துப் போர்ட் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே லைனில் போகும்படி பார்த்துக்கொள்ளும். பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்தால் அவற்றை வரிசையாகச் சேர்க்கும் டிசிபி தடுமாறும் என்பதால் இப்படி. "இரண்டு 50 எடுத்திருக்கோம், ஸ்பீட் டெஸ்டில் 100 வரலையே" என்று முதலாளி கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இது. எந்த இணைப்பு எந்த லைனில் போகிறது என்று பார்க்க சிஸ்கோவில் "ஷோ ஐபி செஃப் எக்ஸாக்ட்-ரூட்" இருக்கிறது.

ஊரைத் தாண்டினால்

நம் ரூட்டரைத் தாண்டி இணையத்துக்குள் போனதும் செலவுக் கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. அங்கே ஆட்சி பிஜிபி. 1989 ஜனவரியில் ஆஸ்டினில் நடந்த, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்தின்போது, சாப்பாட்டு மேஜையில் கர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் நாப்கினில் வரைந்து ஆரம்பித்தது. அதில் ஒவ்வொரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கும் அடையாளமாக ஒரு ஏஎஸ் எண். கூகுள் 15169, பிஎஸ்என்எல் 9829. எங்களைப் போன்ற சின்ன நிறுவனமும், இந்தியாவில் இவற்றை வழங்கும் ஐஆர்ஐஎன்என் மூலம் சொந்த எண்ணும் ஒரு 24 துண்டும் வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

பிஜிபியும் ஒரு வரிசையில்தான் தேர்ந்தெடுக்கிறது. முக்கியமான இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். முதலில் லோக்கல் பிரிஃபரன்ஸ், அதாவது ஒவ்வொரு வழிக்கும் அந்த நெட்வொர்க்கே கொடுக்கும் விருப்ப எண். எண் அதிகமானது ஜெயிக்கும், டீஃபால்ட் 100. அது சமமானால்தான் ஏஎஸ் பாதையின் நீளம், குறைந்தது ஜெயிக்கும். அந்த நீளம் கிலோமீட்டர் இல்லை, எத்தனை நிறுவனங்களைத் தாண்டுகிறது என்பதே. உலகம் முழுக்கக் கேபிள் வைத்திருக்கும் நிறுவனமும் ஒன்று, ஒரு தெருவுக்கு இணைப்புத் தருபவரும் ஒன்று.

லோக்கல் பிரிஃபரன்ஸில் இருப்பது காசு. ஐஎஸ்பிக்கு வாடிக்கையாளர் வழியாக அனுப்பினால் வருமானம். சமமான இன்னொரு ஐஎஸ்பியோடு மாற்றிக்கொண்டால் செலவில்லை. மேலே இருப்பவர் வழியாக அனுப்பினால் இவர் காசு கட்ட வேண்டும். எண்களை அந்த வரிசையில் போடுவார்கள். சென்னையில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே போகும் பாக்கெட் மும்பையோ சிங்கப்பூரோ போய்த் திரும்பி வருவதைப் பார்த்தால், பெரும்பாலும் அந்த இரண்டு ஐஎஸ்பிகளும் சென்னையில் கைகோக்கவில்லை என்று அர்த்தம். உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே மாறிக்கொள்ளட்டும் என்று 2003-இல் ஐஎஸ்பிகள் கைகோக்கும் சந்திப்பு மையமாக நிக்ஸி தொடங்கியதும் இதற்காகத்தான்.

வெளியே போகும் வழி நம் கையில். விரும்பிய ஐஎஸ்பியிலிருந்து வரும் ரூட்டுகளுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் 200 போடுங்கள், முடிந்தது. உள்ளே வரும் வழி நம் கையில் இல்லை. இரண்டாவது ஐஎஸ்பிக்கு அறிவிக்கும்போது நம் ஏஎஸ் எண்ணை மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப எழுதிப் பாதையை நீளமாகக் காட்டலாம். தூரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து முதல் ஐஎஸ்பிக்கு மாறுவார்கள். ஆனால் அந்த இரண்டாவது ஐஎஸ்பிக்காரரும் அவருடைய வாடிக்கையாளர்களும் மாறவே மாட்டார்கள். ஏனென்றால் நாம் அவருடைய வாடிக்கையாளர். லோக்கல் பிரிஃபரன்ஸ் நமக்கு உயர்வாக இருக்கும். நீளத்தைப் பார்க்கும் கட்டமே வராது. பத்து தடவை எழுதினாலும் அப்படித்தான். இதற்கு வழி பிஜிபி கம்யூனிட்டி. குறிப்பிட்ட ஓர் எண்ணை ரூட்டோடு ஒட்டி அனுப்பினால், அதைப் பார்த்து ஐஎஸ்பி தன் பக்கத்து லோக்கல் பிரிஃபரன்ஸைக் குறைத்துக்கொள்ளும். எந்த எண் என்று ஐஎஸ்பிக்கு ஐஎஸ்பி வேறுபடும். லைன் எடுக்கும் முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் நடையாய் நடக்க வேண்டும்.

ஐஎஸ்பியிடம் முழு டேபிளையும் வாங்கத் தேவையில்லை. ஐபிவி4-க்கு மட்டும் 9 இலட்சம் வரிகளுக்கு மேல் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12-இல் அந்த எண்ணிக்கை 5,12,000-ஐத் தொட்டபோது, அதற்கு மேல் இடமில்லாத பழைய ரூட்டர்கள் பல இடங்களில் திணறின. டீஃபால்ட்டும், அவர்களுடைய சொந்த வாடிக்கையாளர் ரூட்டுகளும் போதும்.

ட்ரேஸ்ரூட்டைப் படிப்பது

பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். 1, 2, 3 என்று டிடிஎல்லை ஏற்றிக்கொண்டே போனால் வழியில் உள்ள ஒவ்வொருவரும் தன்னைக் காட்டிக்கொள்வார்கள். இதைச் செய்வதுதான் ட்ரேஸ்ரூட், வான் ஜேக்கப்ஸன் எண்பதுகளின் இறுதியில் எழுதிய கருவி. விண்டோஸில் "ட்ரேசர்ட்". அதனுடன் மைனஸ் டி சேர்த்தால் பெயர் தேடாமல் சட்டென்று முடியும். முதல் தடவை பெயரோடு பாருங்கள், ரூட்டர் பெயர்களில் ஊர் ஒளிந்திருக்கும்: எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர்.

நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள். அந்த ரூட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு வரி 180 மில்லிசெகண்ட் காட்டி, அடுத்த வரி 12 என்று இறங்கினால் அங்கேயும் கோளாறு இல்லை. பாக்கெட்டைக் கடத்துவது அதன் வேலை, உங்களுக்குப் பதில் எழுதுவதை ஆற அமரச் செய்கிறது. ஏறியது கடைசி வரை இறங்காமல் இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

ஏறியது நியாயமா என்று பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட். சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வர 32. ஆகவே சென்னைக்கு அடுத்த வரியில் சட்டென்று முப்பது சொச்சம் கூடினால் கடல் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலேயே இருக்கும் சர்வருக்கு அப்படிக் கூடினால் பிடித்துக் கேளுங்கள்.

ட்ரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை. நேரமோ போய்வந்த மொத்தம். திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம், பிஜிபியில் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று வேண்டும். அங்கே தெரிந்தவர் இல்லையென்றால் பல ஐஎஸ்பிகள் லுக்கிங் கிளாஸ் என்று வெப் பக்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ரூட்டரிலிருந்து உங்கள் முகவரிக்கு ட்ரேஸும் பிஜிபி வரியும் எடுத்துக்கொள்ளலாம்.

ஐஎஸ்பிக்கு டிக்கெட் போடும்போது "நெட் ஸ்லோ" என்று எழுதினால் "மோடத்தை ரீஸ்டார்ட் செய்யவும்" என்று பதில் வரும். உங்கள் பப்ளிக் முகவரி, போகவேண்டிய முகவரி, கோளாறு தொடங்கிய நேரம், இரண்டு பக்கத்து ட்ரேஸ், எந்த வரியிலிருந்து நேரம் ஏறுகிறது, நல்ல நாளில் எடுத்து வைத்த பழைய ட்ரேஸ் ஒன்று. இத்தனையையும் முதல் மெயிலிலேயே வைத்து, "ரூட்டிங் டீமுக்கு அனுப்பவும்" என்று தலைப்பில் எழுதுங்கள். பழைய ட்ரேஸுக்காக, எல்லாம் நன்றாக ஓடும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் பத்து முக்கிய முகவரிகளுக்கு எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.